கூட்டினால் எட்டு

வர்கீஸ் அண்ணன் என்னிடம் தையல் பெட்டியைக் கேட்டபோது, சட்டையில் பொத்தான் அறுந்துவிட்டது போலிருக்கிறது என்றுதான் நினைத்தேன். அவருக்கு வேண்டியது இஞ்ச் டேப்பு. அதை எடுத்துக்கொண்டு போய், முன்னறையில் என் வீட்டுக்காரரைச் சுவரை ஒட்டி நிற்க வைத்தார்.

"செருப்பக் கழட்டு. நேரே நில்லு. கை ரெண்டும் சும்மா தொங்கட்டே."

என் வீட்டுக்காரர் சௌந்தரபாண்டியன் ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். நேராக நில் என்றால் நிற்கத் தெரிந்தவர். ஆனால் இடுப்பு எலும்பு உடைந்து ஆபரேஷன் ஆன பிறகு அவருடைய நேர் கொஞ்சம் இடது பக்கம் சாய்ந்துவிட்டது. நான் கையில் கரண்டியோடு சமையலறை வாசலில் நின்றேன். இப்போதெல்லாம் நான் எங்கே நின்றாலும், அவர் விழுந்தால் ஓடிப் பிடிக்கிற தூரத்தில்தான் நிற்கிறேன்.

வர்கீஸ் அண்ணன் முனகிக்கொண்டே தரையில் உட்கார்ந்தார். அவருக்கும் முழங்கால் சரியில்லை. டேப்பின் ஒரு முனையைத் தரையில் அழுத்திக்கொண்டு, மறுமுனையை என் வீட்டுக்காரரின் மணிக்கட்டு ரேகை வரை இழுத்தார்.

"முப்பத்தஞ்சு" என்றார். "பண்டு முப்பத்தாறு இருந்துச்சு. ஆள் ஒரு இஞ்சு எறங்கிப் போச்சு. அப்ப டிரைவர் மட்டை நாப்பத்திநாலு போதும். ஒரு இஞ்சு வெட்டணும்."

"நாப்பத்திநாலா?"

"அதே."

என் வீட்டுக்காரர் கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்தார். அவர் மனசுக்குள் கூட்டுகிறார் என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. நாலும் நாலும் எட்டு.

"முடியாது" என்றார்.

நான் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். இது சீக்கிரம் முடிகிற பேச்சு இல்லை.

எட்டு யாருடையது

இந்தத் தொடரில் போன வாரம் வரை வடக்கே ராணுவக் குடியிருப்பில் குளிரில் கிடந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். இந்த வாரம் வரிசையை விட்டு விலகி, எங்கள் ஊர் கோம்பைக்கு வந்துவிட்டேன். இது சமீபத்தில் நடந்தது. தள்ளிப்போட்டால் எழுதத் தெம்பு இருக்குமா என்று தெரியவில்லை.

கோல்ஃப் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. கோல்ஃப் பையில் இருக்கிற மட்டைகளிலேயே நீளமானதற்கு டிரைவர் என்று பெயர். ஒவ்வொரு குழிக்கும் முதல் அடியை, பெரும்பாலும் அதைக் கொண்டுதான் அடிப்பார்கள். நீளமான ஒரு தண்டு, முனையில் சின்னத் தேங்காய் அளவுக்கு ஒரு தலை. தண்டை ஷாஃப்ட் என்பார்கள். எங்கள் வீட்டில் சில வாரங்களாக நடந்த சண்டை அந்த ஷாஃப்டின் நீளத்தைப் பற்றியது.

என் வீட்டுக்காரருக்கு மீன ராசி. ஏழரைச் சனி நடக்கிறது. சனிக்கிழமை தவறாமல் குச்சனூர் சனீஸ்வரன் கோயிலுக்குப் போய் எள் விளக்குப் போடுகிற ஆள். எல்லையில் பனியில் நின்றபோது பயப்படாதவர், சனீஸ்வரனுக்குப் பயப்படுவார். அதையும் நான் குறையாகச் சொல்லவில்லை. யாருக்காவது பயப்பட்டால்தான் மனிதர் வீட்டில் அடங்கி இருப்பார்.

ஆனால் ஓய்வு பெற்று வந்த பிறகு, டீக்கடையில் யாரோ எண்கணிதம் என்று ஒன்றை அவர் தலையில் ஏற்றிவிட்டார்கள். எட்டு சனியின் எண். ஒன்பது செவ்வாயின் எண். செவ்வாய் படைக்காரனுக்கு உரியவர். இவருடைய டிரைவர் நாற்பத்தைந்து அங்குலம். கூட்டினால் ஒன்பது. அதில் இவருக்கு இருந்த பெருமை, மெடல்களில்கூட இல்லை.

"ஒம்பது இருக்க எடத்துல கொண்டுபோயி எட்ட வைக்கச் சொல்றான் பாரு" என்று என்னிடம் திரும்பிச் சொன்னார்.

"எனக்கு இதொண்ணும் தெரியாது" என்றார் வர்கீஸ் அண்ணன். "எங்க வீட்டுல மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்துவோம். மாதா இஞ்ச் கேக்க மாட்டா."

ஆபீசர் கழித்துப் போட்ட மட்டை

வர்கீஸ் அண்ணன் கட்டப்பனைப் பக்கத்து ஆள். இரண்டு பேரும் ஒரே படைப்பிரிவு. குமுளி வழியாக ஜீப்பில் இறங்கி வந்து, மாதம் ஒரு முறையாவது எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போவார். அவருடைய பேச்சில் பாதி மலையாளம், பாதி கம்பத்துச் சந்தைத் தமிழ். என்னைத் தங்கச்சி என்பார்.

இவர்கள் இருவரும் கோல்ஃப் பழகியது பணக்காரத்தனத்தால் இல்லை. வடக்கே ஒரு ஊரில் ஆபீசர்கள் ஆடுகிற மைதானத்தின் புல்லைப் பராமரிக்கிற வேலையை இவருக்கும், மட்டைகளைச் சரிபார்க்கிற வேலையை வர்கீஸ் அண்ணனுக்கும் கொடுத்திருந்தார்கள். புல் வெட்ட, தண்ணீர் பாய்ச்ச என்று போன இவர், ஒரு நாள் பந்தை அடித்துப் பார்த்தார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு விடிந்தால் ஆளைக் காணோம். நான் கோதுமை மாவோடும் சளிப் பிடித்த பிள்ளையோடும் தனியாகக் கிடந்தேன்.

முதல் டிரைவர் ஓர் ஆபீசர் கழித்துப் போட்டது. அந்த ஆபீசர் வாசலில் குனிந்து நுழைகிற உயரம். அவர் மட்டை நாற்பத்தாறு அங்குலம். இவர் அதைப் பிடித்து அடித்தால் பந்து நேராகப் போகாது, வலது பக்கம் வளைந்து போய் ஆபீசர் வீட்டுக் காலிஃபிளவர் பாத்தியில் விழும். அந்த அம்மாவிடம் பல நாள் மன்னிப்புக் கேட்டது நான்தான்.

வர்கீஸ் அண்ணன் அன்றைக்கும் டேப்பு எடுத்துத்தான் அளந்தார். நீளம் கூடினால் தூரம் கூடும் என்பது பாதிதான் சரி என்று விளக்கினார். மட்டை நீளமாக இருந்தால் பந்தை விட்டுத் தள்ளி நிற்க வேண்டும், உடம்பு முன்னால் சாயும், பந்து மட்டையின் நடுவில் படாமல் ஓரத்தில் படும். மணிக்கட்டிலிருந்து தரை வரை எவ்வளவு என்று பார்த்தால் ஒருவருக்கு எது தோதான நீளம் என்று ஏறக்குறையத் தெரியும். மிச்சத்தை அடித்துப் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

அன்றைக்கு ஒரு அங்குலத்தைச் சிரித்துக்கொண்டே வெட்டக் கொடுத்தார் என் வீட்டுக்காரர். நாற்பத்தாறைக் கூட்டினால் பத்து, அதையும் கூட்டினால் ஒன்று, அது சூரியனுடைய எண்ணாம். சூரியனையே விட்டுக்கொடுத்த மனிதர் இவர். அப்போது கூட்டத் தெரியாது, அதனால் சந்தோஷமாக இருந்தோம்.

ஆடிக் காற்று

ஓய்வு பெற்று வந்ததும் புதிதாக ஒரு நாற்பத்தைந்து வாங்கிக்கொண்டார். கோம்பையில் ஏது கோல்ஃப் மைதானம். கடலை பிடுங்கி முடித்த எங்கள் காட்டில் நின்று மலையைப் பார்த்து அடிப்பார். பந்தைப் பொறுக்க இவரே போவார். பக்கத்துத் தோட்டத்து நாய் முந்திக்கொண்டால் பந்து கிடைக்காது.

போன ஆடியில் காற்று எங்கள் பக்கம் பேய்த்தனமாக அடித்தது. வாழையெல்லாம் சாய்ந்து கிடந்தது. இப்படிப்பட்ட நாளில் எந்தப் புத்தியுள்ள மனிதரும் பந்தைத் தூக்கிக்கொண்டு போகமாட்டார். இவர் போனார். காற்றுக்கு எதிராக அடித்துக் காட்டுகிறேன் என்று வழக்கத்தைவிட வேகமாக மட்டையைச் சுழற்றியிருக்கிறார். கால் உழுத மண்ணில் புதைந்தது, உடம்பு மட்டையோடு போனது. தேனி ஆஸ்பத்திரியில் இடுப்பில் ஆபரேஷன் செய்தார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததை எழுத எனக்கு அலுப்பாக இருக்கிறது. எழுதத்தான் வேண்டும், இல்லாவிட்டால் மற்றது புரியாது.

குளிப்பாட்டுவது நான். துணி மாற்றுவது நான். கொஞ்சம் தேறியதும் ஊன்றுகோல் பிடித்து நடந்தார் என்றாலும், ராத்திரியில் எழுந்தால் தனியாகப் போகவிட முடியாது. இரண்டு மூன்று தடவையாவது எழுந்திருப்பார். அவர் கட்டிலில் அசைந்தாலே நான் எழுந்து உட்கார்ந்துவிடுவேன். மகள் கோயம்புத்தூரில் வேலைக்குப் போகிறாள். வந்து பார்த்துவிட்டு, அழுதுவிட்டு, போய்விடுவாள். அவளைக் குறை சொல்லவும் எனக்குத் தெம்பில்லை.

ஒரு கட்டத்தில் எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றாகிவிட்டது. தூக்கம். நகை வேண்டாம், கோயில் வேண்டாம், பிள்ளை வந்து பார்க்க வேண்டாம். கதவைச் சாத்திக்கொண்டு, யாரும் கூப்பிடாமல், இரண்டு நாள் தூங்க வேண்டும். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவள் இதைச் சொன்னால் கேட்கிறவர்களின் முகம் மாறிவிடும்.

அப்போதுதான் வர்கீஸ் அண்ணன் அந்தச் சேதியோடு வந்தார். பழைய படைப்பிரிவு ஆட்கள் குன்னூர்ப் பக்கம் கூடுகிறார்கள். சாப்பாடு, பேச்சு, விருப்பப்பட்டவர்களுக்கு ஒரு கோல்ஃப் ஆட்டம். மூன்று நாள். தானே ஜீப்பில் கூட்டிப்போய்க் கூட்டி வருவதாகவும், ராத்திரித் துணைக்குத் தானே அதே அறையில் படுத்துக்கொள்வதாகவும் சொன்னார்.

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அண்ணன் தப்பாக எடுத்துக்கொள்ளப் போகிறாரே என்று வெங்காயத்தை இழுத்து வைத்து நறுக்கினேன்.

ஏழரை

இவருக்கும் போக ஆசைதான். ஆனால் வேடிக்கை பார்க்கிறவனாகப் போகமாட்டாராம். ஆடினால்தான் போவாராம். நாற்பத்தைந்து அங்குலத்தோடு ஆடினால் விழுந்துவிடுவார் என்பது வர்கீஸ் அண்ணனின் கவலை. அதனால்தான் அந்த அளவெடுப்பு. வெட்டினால் ஆடலாம், ஆடினால் போகலாம், போனால் நான் தூங்கலாம். என் தூக்கம் அந்த ஒரு அங்குலத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

"நாப்பத்திநாலு வேண்டாமெங்கில் விடு" என்றார் வர்கீஸ் அண்ணன், சமாதானமாக. "அரை இஞ்சு சேத்து வெட்டலாம். நாப்பத்திமூணரை."

என் வீட்டுக்காரர் மறுபடியும் மின்விசிறியைப் பார்த்தார்.

"நாலும் மூணும் ஏழு" என்றார் மெதுவாக. "அதுக்கு மேல ஒரு அரை."

ஏழரை. வர்கீஸ் அண்ணனுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் டேப்பைச் சுருட்டிக் கீழே வைத்துவிட்டார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான். இவருக்குக் கோபம்.

"ஒனக்குச் சிரிப்பா இருக்கு. நடக்குறது எனக்குத்தானே."

"எனக்குந்தான் நடக்குது" என்றேன். "ஒங்க ராசிக்கு நடந்தா வீட்டுல இருக்கவுகளுக்கு நடக்காதா?"

அரை அங்குலம் மட்டும் வெட்டலாமா என்று பேச்சு வந்தது. அதிலும் முன்னால் நிற்பது நாற்பத்து நாலுதான் என்று தள்ளிவிட்டார். நாற்பத்து மூன்று என்றால் ஏழு, அது கேது, சாமியாராகப் போகிறவனுக்கு ஆகும் என்றார். சென்டிமீட்டரில் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். கோல்ஃபில் இஞ்ச்தான் என்றார். சனீஸ்வரன் கையில் இஞ்ச் டேப்பா வைத்திருக்கிறார் என்று கேட்டேன். சாமியைக் கேலி செய்யாதே என்று எழுந்து போனார். எழுந்து போவதற்கும் நான்தான் கை கொடுத்தேன்.

ஒன்று சொல்ல வேண்டும். எனக்கு இவரை நன்றாகத் தெரியும். எட்டு என்பது பாதிக் காரணம்தான். ஆள் ஒரு அங்குலம் இறங்கிவிட்டான் என்று நண்பன் வாயால் கேட்டதுதான் மீதிப் பாதி. அதை அவர் சொல்லமாட்டார். சனீஸ்வரன் மேல் போட்டுவிட்டால் கௌரவமாக இருக்கும்.

நான் போட்ட கணக்கு

அந்தச் சனிக்கிழமை குச்சனூருக்கு இவரைக் கூட்டிக்கொண்டு போனேன். ஆட்டோவில் ஏற்றி, இறக்கி, கூட்டத்தில் யாரும் இடிக்காமல் நடத்தி, எள் விளக்குப் போட வைத்து, ஓரமாகத் தூணில் சாய்த்து உட்கார வைத்துவிட்டு, நான் மட்டும் அர்ச்சகரிடம் போய் விஷயத்தைக் கேட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பின்னால் வரிசை நின்றது.

"கோயில்ல எள்ளு விளக்குப் போடலாம், காக்காய்க்குச் சோறு வைக்கலாம். அதச் சொல்லுவேன்" என்றார். "மட்டைக் கணக்கெல்லாம் எனக்குத் தெரியாதும்மா. நகருங்க, ஆள் நிக்கிறாக."

திரும்பி வரும்போது ஆட்டோவில் இவருடைய ஊன்றுகோல் என் மடியில் குறுக்காகக் கிடந்தது. சும்மா பார்த்துக்கொண்டு வந்தேன். ஊன்றுகோல் வாங்கும்போதும் ஆஸ்பத்திரியில் மணிக்கட்டிலிருந்து தரை வரைதான் அளந்தார்கள். வர்கீஸ் அண்ணன் அளந்ததும் அதே அளவுதான். முப்பத்தைந்து. மூன்றும் ஐந்தும் எட்டு.

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. கேஸ் ஜெயித்துவிட்டது என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, டேப்பை எடுத்து அவர் கண் முன்னால் ஊன்றுகோலை அளந்து காட்டினேன்.

"கூட்டுங்க" என்றேன்.

கூட்டினார்.

"இத்தன மாசமா ஒங்களத் தாங்கிக்கிட்டு நிக்கிறது எட்டுதான். ஒண்ணும் செய்யல. இனி மட்டையில எட்டு இருந்தா மட்டும் என்ன செஞ்சிரும்?"

இப்படி ஒரு வாதத்தை வேறு எந்த வீட்டில் வைத்தாலும் எடுபட்டிருக்கும். இவர் ஊன்றுகோலைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு அதைக் கதவுக்குப் பின்னால் சாய்த்து வைத்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

"அதான் இன்னும் சரியாகல" என்றார்.

அன்றிலிருந்து அவர் அந்த ஊன்றுகோலைத் தொடவில்லை. சுவர் முடிகிற இடத்தில் என் தோள். கொல்லைப்புறம் போக என் தோள். வாசலுக்கு வர என் தோள். வாதத்தில் ஜெயித்து நானே ஊன்றுகோலாகிப் போனேன். என்ன சொல்லி என்ன, ஆத்திரப்படக்கூட உடம்பில் சத்து இல்லை. பக்கத்து வீட்டுப் பேச்சியம்மா ஒரு நாள் என்னைப் பார்த்துவிட்டு, "என்னக்கா, அண்ணனுக்கு முன்னாடி நீங்க படுத்துருவீக போலருக்கே" என்றாள். அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். நான் உள்ளே போய் முகத்தைக் கழுவிக்கொண்டேன்.

இறக்கிப் பிடி

மகளிடம் சொல்லாததை வர்கீஸ் அண்ணனிடம் போனில் சொன்னேன். தூக்கத்தைப் பற்றிச் சொல்லவில்லை. ஊன்றுகோலை மூலையில் போட்டதை மட்டும் சொன்னேன். அவர் அடுத்த வாரமே வந்தார். கையில் ஒரு மடக்குக் குச்சி. அதில் ஓட்டை ஓட்டையாக இருந்தது, பொத்தானை அழுத்தி நீளத்தைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம்.

"நீயே வச்சுக்கோ. எத்தற வேணுமோ அத்தற நீயே வை. நான் அளக்கல."

இவர் அதை முப்பத்தாறில் வைத்துக்கொண்டார். அந்தப் பக்கத் தோள் கொஞ்சம் தூக்கலாக நின்றது. ஆனாலும் நடந்தார். என் தோள் என்னிடம் திரும்பி வந்தது.

மட்டை விஷயத்தில் வர்கீஸ் அண்ணன் அன்றைக்கு வெட்டுகிற பேச்சே எடுக்கவில்லை. காட்டுக்குப் போய் நின்றுகொண்டு, நாற்பத்தைந்தை இவர் கையில் கொடுத்து, பிடியின் நுனியில் ஒரு அங்குலத்தை விட்டுவிட்டுக் கீழே பிடிக்கச் சொன்னார்.

"மட்டை நாப்பத்தஞ்சுதான். நீ கொஞ்சம் எறக்கிப் பிடிக்கிற, அவ்வளவே."

"இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல?" என்றேன் நான்.

"சொன்னா கேக்குற ஆளா இவன்? வெட்டச் சொன்னதாலதான் இது சின்னதாத் தெரியுது."

இவர் இறக்கிப் பிடித்தார். கையை மேலே கொண்டுபோய்ப் பார்த்தார், மறுபடியும் இறக்கினார். நான் பின்னால் நின்றேன், இவர் சாய்ந்தால் பிடிக்கிற தூரத்தில். பேச்சியம்மா வரப்பில் வெள்ளாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்தவள் அரிவாளை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

அடித்தார். முந்திய வேகத்தில் பாதிகூட இல்லை. பந்து மட்டையின் நடுவில் பட்ட சத்தம் கேட்டது. தாழ்வாக, நேராகப் போய்த் தென்னைகளுக்கு இந்தப் பக்கமே விழுந்தது. இவர் விழவில்லை.

"அங்கனதான் விழுந்துச்சு, சுபேதாரண்ணே" என்று பேச்சியம்மா அரிவாளை நீட்டிக் காட்டினாள். "நாய் வாரதுக்குள்ள எடுத்துருங்க."

இவர் இன்னொரு பந்தை வைக்கச் சொன்னார். குனிய முடியாதே, நான்தான் வைத்தேன். மூன்றாவது பந்துக்கு என் இடுப்பு பிடித்துக்கொண்டது. ஆனால் மனசுக்குள் நான் அப்போதே தலையணையைத் தட்டிப் போட்டுவிட்டேன்.

ஜீப் போன பிறகு

போகிற அன்று காலையில் பையில் மாத்திரை, வேட்டி, ஸ்வெட்டர், எல்லாம் எடுத்து வைத்தேன். எந்த மாத்திரை எப்போது என்று வர்கீஸ் அண்ணனிடம் சொல்லச் சொல்ல, அவர் "மனசிலாச்சு, மனசிலாச்சு" என்றார். ஜீப் தெரு முனையில் திரும்பியது. கை காட்டிவிட்டு உள்ளே வந்தேன். வாசல் தெளித்தது தெளித்தபடி கிடந்தது, கோலம்கூடப் போடவில்லை. கதவைச் சாத்தினேன்.

கட்டிலுக்குக்கூடப் போகவில்லை. முன்னறையில் பாயை விரித்துப் படுத்தேன். எழுந்தபோது வெயில் எந்தப் பக்கம் இருந்தது என்று புரியவில்லை. மோர் குடித்தேன். மறுபடியும் படுத்தேன். நடுவில் யாரோ கதவைத் தட்டுவது கனவில் கேட்டது போல இருந்தது. கட்டிலில் அசைய யாரும் இல்லை என்கிற நினைப்பே சுகமாக இருந்தது. அந்தச் சுகம் தப்பு என்று ஒரு பக்கம் தோன்றியது. தோன்றிக்கொண்டே தூங்கிப் போனேன்.

திரும்பி வருகிற நாளுக்கு முந்தின நாள், மதியம் போன் வந்தது. எடுத்ததும் எனக்கு முதலில் வந்தது பயம். விழுந்துவிட்டாரோ என்று.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல. ஆடினேன்."

"கால்?"

"நிக்கிது. மொத அடி நேராப் போச்சு. தூரமில்ல, ஆனா நேராப் போச்சு. நாலு குழி ஆடிட்டு ஒக்காந்துட்டேன்."

பின்னால் சிரிப்புச் சத்தமும் பாத்திரச் சத்தமும் கேட்டன. இவர் குரலில் ஒரு தெம்பு இருந்தது. அந்தக் குரலைக் கேட்டு வெகுநாளாகிவிட்டது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நாளைக்கு வந்துவிடுவார் என்று நினைத்ததும் கைகால் கனத்தது. இரண்டும் ஒரே நேரத்தில்தான்.

"இங்கன மட்டை சரிபண்ற கடை ஒண்ணு இருக்கு" என்றார். "வெட்டக் குடுத்துட்டேன்."

"எத்தனைக்கு?"

"நாப்பத்திநாலு."

நான் எட்டைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

"கடைக்காரரு சாயங்காலமே தாரேன்னாரு. நான்தான், அவசரமில்ல, நாளான்னைக்குத் தாங்கன்னு சொல்லிட்டேன். வர்கீசும் சரின்னுட்டான். நாளைக்கு வரல, ஒரு நாள் சேத்து இருந்துட்டு வாரோம்."

"எதுக்குங்க?"

பின்னாலிருந்த பாத்திரச் சத்தம் தள்ளிப் போனது.

"நேத்து ஒனக்குப் போன் அடிச்சு அடிச்சுப் பாத்தேன், எடுக்கல. பயந்து போயிப் பேச்சியம்மாளக் கூப்பிட்டேன். அவ வந்து கதவத் தட்டிருக்கா. தெறக்கலன்னு சன்னல் வழியா எட்டிப் பாத்துட்டு, அக்கா பாயில கெடந்து தூங்குறாகண்ணே, எழுப்ப மனசு வரலன்னு சொன்னா. அம்புட்டுத் தூக்கத்தையா வச்சுக்கிட்டுத் திரிஞ்ச? சொல்லிருக்கலாம்ல."

முன்னறையில் பாய் இன்னும் விரித்தபடியே கிடந்தது.

"தூங்கு" என்றார். "நான் இங்கன நல்லாத்தான் இருக்கேன்."

வேண்டாங்க, நாளைக்கே வந்துருங்க என்று சொல்வதுதான் முறை. லீவு முடிந்து இவர் ரயில் ஏறிய ஒவ்வொரு தடவையும் சீக்கிரம் வாங்க என்று சொல்லித்தான் அனுப்பியிருக்கிறேன், ஒவ்வொரு தடவையும் மனசாரச் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு அந்த வார்த்தை வாயில் வரவில்லை. "சரிங்க" என்று மட்டும் சொன்னேன். போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்து அழுதேன். பிறகு போய்ப் படுத்துக்கொண்டேன்.